மாட்டு டாக்டரும் மசிலாவின் மைக்கும்

மசிலா அண்ணனின் குரலைக் கேட்காதவர் முகாங்கா டவுனில் இருக்க முடியாது. யார் வீட்டில் சாவு, எந்தச் சர்ச்சில் கல்யாணம், யாருடைய கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, எல்லாமே அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும். ஆள் குட்டை. குரல்தான் உயரம். கூரைமேல் நான்கு கூம்பு ஸ்பீக்கர்கள் கட்டிய அவருடைய பழைய பிக்கப்பை ஓட்டுவது என் வேலை. என் பெயர் டைட்டஸ். பல வருஷமாக அவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து மைக்கில் பேசியதில் என் இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் அந்தக் காது மேலே இருக்கிற மாதிரி படுத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

இளவயதில் அவர் ஆட்டுச்சந்தையில் கத்திக்கொண்டிருந்தவர். தொலைந்த ஆட்டின் நிறத்தையும் கொம்பையும் ஒருமுறை சொன்னால் போதும், சந்தையின் அந்தக் கோடியில் இருப்பவன் கூடத் தன் காலடியில் குனிந்து பார்ப்பானாம். பிறகு பஸ் ஸ்டாண்டில் நைரோபிக்கு ஆள் ஏற்றினார். பாதிப் பேர் பயணம் போகும் எண்ணமே இல்லாமல் வந்து, அவர் கூப்பிட்ட அழகில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். அதை நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் அவர் மனைவி கலேக்யே அக்கா அப்படி ஏறிய ஒருத்திதான். சித்தி வீட்டுக்குப் பயறு கொடுக்க வந்தவள் நைரோபி வரை போய்த் திரும்பி, இறங்கின கையோடு அவரைத் திட்டுவதற்காகவே பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாளாம். திட்டு கல்யாணத்தில் முடிந்தது.

அரசியல்வாதிகள் இப்படிப்பட்ட குரலை விட்டுவைப்பார்களா? ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து கூப்பிடுவார்கள். ஆனால் அண்ணன் மைக் பிடித்த பக்கம் பெரும்பாலும் தோற்றுத்தான் போனது. டீக்கடையில் இது பெரிய கிண்டல்.

“மசிலா குரலுக்குக் கூட்டம் வரும், ஓட்டு வராது.”

அண்ணன் டீயை ஊதிக்கொண்டே சொல்வார்: “கூட்டம் சேர்க்கிறது என் வேலை. ஓட்டு வாங்குறது அவன் வேலை. அவன் வேலையை அவன் ஒழுங்கா செய்யலைன்னா நான் என்னடா பண்றது?”

மைக்கில் எதிராளியைக் கிழி கிழியென்று கிழிப்பார். ஆனால் ஒருவருடைய தாய் தகப்பனையும், வியாதியையும், புருஷன் பெண்டாட்டிச் சண்டையையும் மட்டும் தொடவே மாட்டார். “நாளைக்கு அவன் வீட்டுச் சாவையும் நான்தானே சொல்லணும்” என்பார்.

நான் சொல்லவந்தது கவர்னர் முலாட்யா இரண்டாம் முறை நின்ற வருஷத்தைப் பற்றி. எங்கள் மாவட்டத்தில் கவர்னருக்கு நிற்பவர் துணைக் கவர்னராக ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஓட்டு இருவருக்கும் சேர்த்துத்தான். முலாட்யாவை எதிர்த்து நின்றவர் கித்தேக்கா, பாங்க் அதிகாரியாக இருந்தவர். அவர் யாரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மணல் லாரி சைலஸ்! ஆறு ஆறாக மணலை வழித்து நைரோபிக்கு அனுப்பிய ஆள். கித்தேக்காவின் கூட்டங்களுக்கெல்லாம் அவர் லாரிகள்தான் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தன.

கவர்னரின் பிரசாரத்தை நடத்த நைரோபியிலிருந்து பெனடிக்ட் என்று ஒருவர் வந்திருந்தார். வெயிலிலும் கோட்டுப் போடுகிற மனிதர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. சைலஸின் பெயர் வெளிவந்த அன்றே அடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். முன்னால் லாரிப் படமும் ‘எங்க ஆறு எங்கே?’ என்ற கேள்வியும் அச்சடித்த டி-ஷர்ட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அண்ணன் ஒரு பாட்டே கட்டிவிட்டார்.

“ஆத்து மணல் எங்கே போச்சு? லாரியக் கேளு!
லாரி எல்லாம் யாரு வீட்டு? சைலஸக் கேளு!”

பெண்கள் குழு அதைக் கைதட்டிப் பாடிப் பழகியபோது எனக்கே புல்லரித்தது. இந்தத் தடவை அண்ணன் ஜெயிக்கிற பக்கம் நிற்கிறார் என்று நான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை, ஹார்டுவேர் கடை மாடியிலிருந்த பிரசார ஆபீசில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கவர்னரும் இருந்தார். கித்தேக்கா மைதானத்தில் நின்று நீட்டி முழக்கிவிட்டுப் பெயரைச் சொன்னார்.

“டாக்டர் சியோகாவ்!”

பெனடிக்ட் தன் போனில் தேட ஆரம்பித்தார். “எந்த சியோகாவ்? யார் இந்த ஆள்?”

டீ கொண்டுவந்திருந்த பெண், “நம்ம மாட்டு டாக்டரம்மா!” என்று சத்தமாகக் கைதட்டினாள். அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் சியோகாவ் எங்கள் மலைகளில் வெகுகாலம் கால்நடை டாக்டராக இருந்தவர். ரப்பர் பூட்ஸும், அரசாங்க மோட்டார் சைக்கிளும், அதில் பெட்ரோல் இல்லாத நாட்களில் நடையுமாக ஒவ்வொரு பட்டிக்கும் போனவர். பிப்ரவரியில் வேலையை ராஜினாமா செய்தபோது முழங்கால் வலி என்று காரணம் சொன்னார். எல்லோரும் நம்பினோம். சிலர் தைலம்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் பெனடிக்ட் வாய்விட்டுச் சிரித்தார். “மாட்டு டாக்டரா? கடவுள் நம்ம பக்கம் இருக்காருய்யா! இதைவிட சுலபமான ஆளை நாமளே தேடினாலும் கிடைக்காது.”

கவர்னர் சிரிக்கவில்லை. “பெனடிக்ட், நீங்க மாடு வளர்த்திருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை சார்.”

“ம்” என்று சொல்லிவிட்டுக் கவர்னர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

ஆனாலும் பிரசாரம் பெனடிக்ட் கையில்தான் இருந்தது. முதலில் சிரிக்க வைத்துவிட வேண்டும், மக்கள் ஒருமுறை சிரித்துவிட்டால் அந்த ஆளை அப்புறம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. திங்கள்கிழமை யூமானி சந்தைக்குப் போனோம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“மக்களே! கித்தேக்காவுக்கு மனுஷங்க மேல நம்பிக்கை போயிடுச்சு போல! மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வந்திருக்காரு! இனிமே நம்மளையெல்லாம் வரிசையா நிக்க வச்சு ஊசி போடுவாங்களா? காதுல அடையாளம் குத்துவாங்களா?”

வழக்கமாக இந்த இடத்தில் சந்தை குலுங்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. தராசுகூட ஆடாமல் நின்றது போல இருந்தது எனக்கு. பச்சைப்பயறு விற்கிற ஒரு பெண், கனத்த உடம்பு, சாக்கின் மேலிருந்து எழுந்து நின்றாள்.

“மசிலா! அந்தக் குழாயைக் கொஞ்சம் அணை. என் மாடு விழுந்து கிடந்தப்போ வெள்ளத்துல ஆத்தைத் தாண்டி வந்தது யாரு? உன் கவர்னரா?”

இன்னொருத்தி அங்கிருந்தே கத்தினாள்: “ஊசி போட்டாப் போடட்டும்யா! முதல்ல என் புருஷனுக்குப் போடச் சொல்லு! திமிரு குறையுதா பார்க்கலாம்!”

அதற்குச் சந்தை சிரித்தது. பிறகு எங்கேயோ ஒருவன் மாடு மாதிரி கத்தினான். பக்கத்தில் இருந்தவனும் கத்தினான். கொஞ்ச நேரத்தில் யூமானி சந்தை முழுக்க மாட்டுத் தொழுவமாகிவிட்டது. நான் வண்டியை மெதுவாகப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினேன். சாலை வரைக்கும் அந்தச் சத்தம் எங்களோடு வந்தது.

அண்ணன் முகம் வாடியிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“டைட்டஸ், அந்தப் பயறுக்காரி குரலைக் கவனிச்சியா? நம்ம நாலு ஸ்பீக்கரும் அவகிட்டப் பிச்சை வாங்கணும்டா.”

பெனடிக்ட் உடனே திட்டத்தை மாற்றினார். “இனிமே அந்தம்மா பேரை யாரும் எடுக்கக் கூடாது. நாம பேர் சொல்லச் சொல்லத்தான் அவங்க வளருவாங்க. ரோடு பத்திப் பேசுங்க. ஆஸ்பத்திரி பத்திப் பேசுங்க.”

ரோடு பற்றிப் பேசினோம். ஆஸ்பத்திரி பற்றிப் பேசினோம். போகிற இடமெல்லாம், “டாக்டரம்மா பத்தி ஒண்ணும் சொல்லலியா மசிலா?” என்று கேட்டார்கள். நாங்கள் வாய் திறக்காமல் இருந்ததும் ஒரு பேச்சாகிவிட்டது. பயந்துவிட்டோமாம். எங்கள் வண்டியைக் கண்டாலே மாடு மாதிரி கத்துவது டவுனில் வணக்கம் சொல்வது போல ஆயிற்று. கவர்னரின் காருக்கும் அதே மரியாதை. ஒருநாள் நாற்சந்தியில் அவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, திரும்ப ஒரு கத்து கத்தினார். நல்ல பொலிகாளை கத்துகிற மாதிரி இருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். பின் காரில் இருந்த பெனடிக்ட் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் கலேக்யே அக்காவிடமிருந்து போன் வந்தது. கன்று ஈனக் காத்திருந்த அவர்கள் சிவப்பு மாடு விடியற்காலையிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு முன்னங்கால் மட்டும்தான் வெளியே தெரிகிறது என்றாள். மைக்கை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மாடு படுத்துக் கிடந்தது. கண் மேலே செருகியிருந்தது. டாக்டரம்மாவின் இடத்துக்கு வந்திருந்த புதுப் பையனின் போன் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கலேக்யே அக்கா ஆரம்பத்திலிருந்தே டாக்டரம்மா பக்கம். அதை மறைத்ததும் இல்லை. ‘என் ஓட்டு உங்களுக்கு இல்லை, சாப்பாடு மட்டும் உண்டு’ என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் தட்டு வைப்பாள்.

“கூப்பிடுங்க” என்றாள்.

“யாரை?”

“யாரைன்னு தெரியாத மாதிரி நடிக்காதீங்க.”

“எந்த மூஞ்சியோட கூப்பிடறது? சந்தையில நின்னு அவங்களை அந்தப் பேச்சுப் பேசியிருக்கேன்.”

“நீங்க பேசினது மாட்டுக்குத் தெரியாது. குடுங்க போனை.”

அவளே கூப்பிட்டாள். டாக்டரம்மா அடுத்த மலையில் கூட்டத்தில் இருந்தார். ‘கால் எந்தப் பக்கம் பார்த்திருக்கு, தலை கைக்குத் தட்டுதா’ என்று மட்டும் கேட்டாராம். நாங்கள் வெந்நீர் காய்ச்சி முடிப்பதற்குள் கித்தேக்கா கட்சியின் பச்சைக் கொடி கட்டிய வண்டிகள் வரிசையாக வந்து, அண்ணன் வீட்டுக் கள்ளி வேலியை ஒட்டி நின்றன. எங்கள் வண்டியும் அங்கேதான் நின்றது, கூரைமேல் முலாட்யாவின் முகம் சிரித்துக்கொண்டு.

டாக்டரம்மா பச்சை மேலாடையைக் கழற்றி, கூட வந்த ஒரு கட்சிக்காரர் கையில் கொடுத்தார். கார் டிக்கியைத் திறந்து ரப்பர் பூட்ஸ், கயிறு, சோப்பு எல்லாவற்றையும் எடுத்தார். துணைக் கவர்னருக்கு நிற்கிற ஆளின் காரில் அவையெல்லாம் இன்னும் இருந்தன. தோள்வரை சோப்புப் போட்டுக்கொண்டு மாட்டின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“தலை பின்னாடி திரும்பியிருக்கு. கன்னு உயிரோடதான் இருக்கு. விரலைச் சப்புது.” பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, “மசிலா, இந்தக் கயித்தைப் பிடிங்க. நான் சொல்றப்போ மட்டும் இழுங்க. உங்க கவர்னர் ரோடு போடுற மாதிரி இழுத்துக்கிட்டே இருக்காதீங்க” என்றார்.

பச்சைக் கொடிக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் போல நின்றார்.

“யூமானியில என்னமோ சொன்னீங்களாமே? காதுல அடையாளம்னு?”

“டாக்டரம்மா, அது வந்து…”

“சொல்லுங்க. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. உங்க வாயால கேட்கணும்.”

அண்ணன் சொன்னார். மைக் இல்லாமல், மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல். முடிக்கும்போது அவர் காது சிவந்திருந்தது. டாக்டரம்மாவின் தோள் குலுங்கியது.

“ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, கை வழுக்குது. நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. காதுல அடையாளம் குத்தினா கட்சி மாறுறவங்களையாவது கண்டுபிடிக்கலாம். இருங்க, தலை வருது. இழுங்க. மெதுவா. இப்போ நிறுத்துங்க. இப்போ இழுங்க!”

கன்று வந்து விழுந்தது. அசைவில்லை. டாக்டரம்மா அதன் மூக்கையும் வாயையும் வழித்துவிட்டு, ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மூக்கில் விட்டுக் கிளறினார். நெஞ்சைத் துணியால் அழுத்தித் தேய்த்தார். கன்று ஒரு தும்மல் போட்டது. தலையை ஆட்டியது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். தாய் மாடு திரும்பி நக்க ஆரம்பித்தது. அண்ணன் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கலேக்யே அக்கா டாக்டரம்மாவைச் சாப்பிடாமல் விடவில்லை. உமி நீக்கிய மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்தது ஒரு தட்டு நிறைய வந்தது. வெளியே கட்சிக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் முக்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது கலேக்யே அக்கா கன்றைக் காட்டி, “இதுக்கு நைபுன்னு பேர் வச்சுட்டேன்” என்றாள். எங்கள் பக்கம் துணைப் பதவியில் இருப்பவரை அப்படித்தான் கூப்பிடுவது.

“அவங்க தோத்துட்டா?” என்றார் அண்ணன்.

“தோத்தா கன்னுக்குட்டி பேரை மாத்தணும்னு சட்டமா?”

யாரோ போனில் எடுத்த படம் சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. நடுவில் கன்று. ஒரு பக்கம் தோள்வரை ரத்தமாக டாக்டரம்மா. மறுபக்கம் அண்ணன், வீணாகப் போன அந்த லாரிப் படச் சட்டையில், ‘எங்க ஆறு எங்கே?’ என்ற கேள்வியோடு.

மறுநாள் காலையில் பெனடிக்ட் கோட்டைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். அவ்வளவு கோபம். “எதிராளியோட வேட்பாளர் உங்க வீட்டுல வந்து பிரசவம் பார்க்கிறாங்க! நீங்க நம்ம சட்டையைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறீங்க! இனிமே மைக்கைத் தொடாதீங்க.”

கவர்னர் அப்போதுதான் படியேறி வந்தார். “கன்னு என்ன மசிலா?” என்றார்.

“பொட்டைக் கன்னு ஐயா.”

“நல்லது. தாய்க்கு நஞ்சுக்கொடி விழுந்துடுச்சா?”

“விழுந்துடுச்சு ஐயா.”

“சரி, இப்போ என்ன சொல்லப் போறீங்க ஜனங்ககிட்ட?”

“நடந்ததைச் சொல்லிடறேன் ஐயா. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? படம்தான் எல்லார் போன்லயும் இருக்கே.”

கவர்னர் பெனடிக்டைப் பார்த்தார். பெனடிக்ட் கூரையைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

நேரே யூமானிக்கே போனோம். அண்ணன் மைக்கை வாங்கி, முந்தினநாள் போன் வந்ததிலிருந்து ஆரம்பித்து, கன்று தும்மியது வரை சொன்னார். தன் காது சிவந்ததையும் விடவில்லை. சந்தை வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“மக்களே, இப்படிப்பட்ட கையைக் கொண்டுபோய் ஆபீஸ்ல உட்கார வச்சு, ஃபைல்ல கையெழுத்துப் போட வைக்கப் போறீங்களா? அடுத்த தடவை என் மாடு படுத்தா நான் யாரைக் கூப்பிடுவேன்? டாக்டரம்மா நமக்கு வேணும். அவங்களைக் கித்தேக்காகிட்ட விட்டுடாதீங்க. அதுக்காகவாவது முலாட்யாவுக்குப் போடுங்க!”

சந்தை சிரித்தது. இந்த முறை எங்களோடு சேர்ந்து. பயறுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “இது பேச்சு. யோசிக்க வேண்டிய பேச்சு” என்றாள்.

கித்தேக்கா பக்கம் அதிர்ந்துபோயிற்று. தாங்கள் புகழ்கிற ஆளை எதிராளி இன்னும் அதிகமாகப் புகழ்ந்தால் என்ன பதில் சொல்வது? அவர்களுக்கு ஏற்கனவே தொல்லை இருந்தது. தன்னைச் சேர்த்துக்கொள்ளாத கோபத்தில் சைலஸ் லாரிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். சில நாள் கழித்து டாக்டரம்மாவே பேசினார்.

“மாட்டுக்கிட்டயே என்னை விட்டுடணும்னு மசிலா ஆசையா கேட்கிறாரு. நான் பிப்ரவரியிலேயே வேலையை விட்டாச்சு. தோத்தா வீட்டுலதான் உட்காரணும். அதுவும் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் வேணும்னு வருஷா வருஷம் கேட்டேனே, அப்போ இந்தக் கவர்னருக்கு என்மேல இவ்வளவு ஆசை இல்லையே?”

அது எங்களுக்கு நன்றாக உறைத்தது. கவர்னருக்கு இன்னும் நன்றாக. அடுத்த கூட்டத்தில் அவர் யாரையும் கேட்காமல் மேடையில் சொன்னார்: “பெட்ரோல் விஷயத்துல தப்பு என் பேர்லதான். நான் ஜெயிச்சா கால்நடைத் துறையையே டாக்டரம்மா கையில குடுக்கிறேன். வண்டியும் குடுக்கிறேன், பெட்ரோலும் குடுக்கிறேன்.”

மேடைக்குப் பின்னால் பெனடிக்ட் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். “சார், எதிர்ல நிக்கிற ஆளுக்கு வேலை தரேன்னு உலகத்துல எந்த வேட்பாளரும் ஓட்டுக் கேட்டதில்லை.”

“உலகத்துல எல்லா இடத்துலயும் இவ்வளவு மாடு இருக்காதுய்யா” என்றார் கவர்னர்.

டாக்டரம்மாவின் பதில் அன்றே வந்தது. “எனக்கு ஐம்பத்திநாலு வயசு. ரெண்டு ஆம்பளைங்க எனக்காகச் சண்டை போடுறது இதுதான் முதல் தடவை. சட்டுனு முடிச்சுடாதீங்கப்பா. கொஞ்சம் ரசிச்சுக்கிறேன்.”

அதற்கப்புறம் அந்தத் தேர்தல் முழுக்க மாடு பற்றித்தான். மாட்டை முக்கியெடுக்கிற உண்ணி மருந்துத் தொட்டி யார் அதிகம் கட்டுவது, தடுப்பூசி யார் முதலில் போடுவது, ஆட்டுக்கு உண்டா, கழுதைக்கு உண்டா என்று இரண்டு பக்கமும் ஏலம் கேட்பது போலக் கேட்டார்கள். அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். “இத்தனை வருஷத்துல யாரையும் திட்டாம நான் கூட்டம் சேர்த்தது இதுதான்டா, டைட்டஸ். தொண்டை கூட வலிக்கலை.”

ஆகஸ்டில் ஓட்டுப் போட்டார்கள். கித்தேக்கா ஜெயித்தார். வித்தியாசம் அதிகமில்லை. மூன்றுநாள் இழுத்துத்தான் முடிவு வந்தது. பயறுக்காரியிடம் நான் ஒருமுறை காரணம் கேட்டேன். “கவர்னர் குடுத்த வேலையைக் கவர்னரே பிடுங்கிடலாம். நாங்க ஓட்டுப் போட்டுக் குடுத்ததை யாரு பிடுங்குவான்?” என்றாள்.

முடிவு வந்த அன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கலேக்யே அக்கா அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஆடிக்கொண்டிருந்தாள். அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து, அவர்களுக்காகத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“தோத்துட்டோம் அண்ணே.”

“தெரியுமே. வா, இந்தப் பக்கம் தோத்தவங்களுக்குத் தனியா டீ வச்சிருக்கேன். சர்க்கரை கூடப் போட்டிருக்கேன்.”

முலாட்யாவும் அந்த வாரத்திலேயே வந்தார், காரைத் தானே ஓட்டிக்கொண்டு. கன்றைப் பார்த்தார், கையால் தடவினார். “உங்க பேச்சு இல்லைன்னா நான் இன்னும் மோசமா தோத்திருப்பேன் மசிலா” என்றார். அது உண்மைதான் என்று பெனடிக்டும் நைரோபி போகும்முன் ஒப்புக்கொண்டாராம். முலாட்யா இப்போது தன் தோட்டத்தில் மாடு வளர்க்கிறார். முன்பைவிடக் கன்னம் உப்பியிருக்கிறது.

புதுத் துணைக் கவர்னர் பதவியேற்று முதலில் செய்த காரியம் தடுப்பூசி இயக்கம். அறிவிக்க அண்ணனைத்தான் கூப்பிட்டார். அதோடு நிற்காமல், முதல்நாள் தன் பெரிய காரை விட்டுவிட்டு எங்கள் பிக்கப்பில் நடு சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கியர் போடக்கூட இடமில்லை.

“மக்களே! உங்கள் செல்வங்களை, உங்கள் வீட்டை வாழவைக்கும் கறவைகளை…” என்று அண்ணன் ஆரம்பித்தார்.

“மசிலா, எந்த இடம், எந்த நாள், அதை முதல்ல சொல்லுங்க.”

“டாக்டரம்மா, அடித்தளம் போடாம வீடு கட்ட முடியுமா? கொஞ்சம் பொறுங்க.”

“நீங்க அடித்தளம் போட்டு முடிக்கிறதுக்குள்ள வண்டி அடுத்த ஊருக்குப் போயிடும். நாய்க்கும் உண்டுன்னு சொல்லுங்க. வெறிநாய்க்கடி ஊசி.”

“நாய்களையும் கொண்டுவாருங்கள்! கடிக்கும் நாய், கடிக்காத நாய், கடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நாய்…”

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அன்று கதுலு மைதானத்துக்கு வந்த நாய்களை எண்ணி முடியாது. கயிறு கட்டியும், தோளில் போட்டும், தள்ளுவண்டியில் உட்கார வைத்தும் கொண்டுவந்தார்கள். ஒரு கிழவர் பூனையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து, இதற்கும் உண்டா என்று வெட்கத்தோடு கேட்டார். உண்டு என்றார் டாக்டரம்மா. அண்ணன் உடனே மைக்கில் அதையும் சேர்த்துச் சொன்னார்.

வெயில் இறங்கும்போது ரோட்டோரம் நிறுத்தி, சுட்ட சோளம் வாங்கிச் சாப்பிட்டோம். டாக்டரம்மாவின் கையிலிருந்து மருந்து வாசனை வந்தது. அண்ணன் அடுத்த ஊருக்கு என்ன சொல்லலாம் என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுதைகளைப் பற்றி ஏதோ ஒரு வரி பிடித்துவிட்டது போல, திடீரென்று முகம் மலர்ந்தது. சோளக்கட்டையை வெளியே எறிந்துவிட்டு, “வண்டியை எடுடா டைட்டஸ்” என்றார். எடுத்தேன்.